கழிந்ததற்கு இரங்குதல்: ஒரு ஜப்பானிய நாவலும் அதன் மூதாதையரும்

டோஷிகாசு கவாகுச்சி எழுதிய ‘காபி ஆறுவதற்கு முன்’ என்னும் ஜப்பானிய நாவல் 2015 டிசம்பரில் வெளிவந்தது. 2018இல் திரைப்படமாயிற்று. 2019இல் ஜெஃப்ரி ட்ரூஸ்லோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் உலகமெங்கும் வாசகர்களைப் பெற்றது; அதே காபிக் கடையை வைத்துத் தொடர்நூல்களும் வந்தன. இலக்கியத் தரத்தில் இதைப் பெரிய நாவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடை தட்டையானது. ஒரே விதிகளை அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்பச் சொல்லும் பழக்கம் சலிப்பூட்டுவது. கண்ணீர் வரவேண்டிய இடங்களை ஆசிரியரே அடிக்கோடிட்டுக் காட்டிவிடுகிறார். இருந்தும் இந்நாவலைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம், இதன் முதுகுக்குப் பின்னால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நீளும் ஒரு கதைமரபு நிற்கிறது என்பதுதான். அம்மரபை அறிந்து படிக்கும்போது நாவலின் அழகும் கூடித் தெரிகிறது, குறையும் கூடித் தெரிகிறது.

கதைக்களம் டோக்கியோவின் ஒரு சந்தில், நிலவறையில் இயங்கும் சிறிய காபிக் கடை. சன்னல் கிடையாது. சுவரில் மூன்று பழங்காலக் கடிகாரங்கள். மூன்றும் வெவ்வேறு நேரம் காட்டுகின்றன. அங்குள்ள ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் அமர்ந்து, கடைப்பெண் கசு ஊற்றித் தரும் காபியைப் பெற்றுக்கொண்டால் விரும்பிய காலத்துக்குப் போகலாம். ஆனால் அந்தக் கடைக்கு ஒருமுறையேனும் வந்தவரை மட்டுமே சந்திக்க முடியும். நாற்காலியை விட்டு எழக்கூடாது. காபி ஆறிப்போவதற்குள் குடித்து முடித்துத் திரும்பிவிட வேண்டும். தவறினால் பேயாகி அங்கேயே தங்கிவிட நேரும். அப்படித் தங்கிவிட்ட வெள்ளுடைப் பெண் ஒருத்தி ஏற்கெனவே அந்த நாற்காலியில் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். நாளுக்கு ஒருமுறை அவள் கழிப்பறைக்கு எழுந்து போகும் சிறு இடைவெளிதான் மற்றவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பேய்க்கும் கழிப்பறை தேவைப்படுகிறது என்ற இந்த விளையாட்டுதான் நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. கடந்த காலத்தில் என்ன பேசினாலும், என்ன செய்தாலும், நிகழ்காலத்தில் ஒரு துரும்பும் மாறாது. பிரிந்தவர் பிரிந்தவரே. இறந்தவர் இறந்தவரே. அப்படியானால் எதற்காகப் போக வேண்டும்? நாவலின் நான்கு கதைகளும் இந்தக் கேள்விக்கான நான்கு விடைகள்.

தமிழில் இந்த மனநிலைக்குக் ‘கழிவிரக்கம்’ என்றொரு சொல் இருக்கிறது. இன்று அதைப் பெரும்பாலும் தன்னிரக்கம் என்ற பொருளில், சற்று ஏளனத்தோடும்கூட, பயன்படுத்துகிறார்கள். சொல்லின் நேர்ப்பொருள் கழிந்ததற்கு இரங்குதல். இங்கே அந்தப் பொருளிலேயே அதைக் கையாள விரும்புகிறேன். காபி ஆறுவதற்கும் மனம் ஆறுவதற்கும் நாம் ஒரே வினையைச் சொல்கிறோம் என்பதும் இந்நாவலைத் தமிழ் மனத்தோடு படிக்கும்போது கிடைக்கிற உபரி. ஜப்பானிய மூலத்தில் அந்தச் சிலேடை இல்லை.

காலப்பயணக் கதை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை ஆங்கிலம் வழியே வந்தவை. மார்க் ட்வைனின் அமெரிக்கன் ஆர்தர் மன்னனின் அவைக்குப் போய்த் தொழிற்சாலை கட்டினான் (1889). எச்.ஜி. வெல்ஸின் நாயகன் இயந்திரம் செய்து எட்டு லட்சம் ஆண்டுகள் முன்னே சென்றான் (1895). ரே பிராட்பரியின் வேட்டைக்காரன் தொல்லுலகில் ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்ததால் திரும்பி வந்தபோது தேர்தல் முடிவே மாறியிருந்தது (1952). இவற்றின் அடியில் இருப்பது காரண காரியம் பற்றிய ஆர்வம். ஒன்றைத் தொட்டால் எது நகரும் என்பதே கேள்வி. கவாகுச்சி அந்தக் கேள்வியை முதல் பக்கங்களிலேயே கதவைச் சாத்தி வெளியே நிறுத்திவிடுகிறார். அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அவருடைய மொழியில் காலத்தைக் கடந்த முதல் மனிதனின் கதையிலேயே அந்தக் கதவு சாத்தித்தான் இருந்தது.

அந்த மனிதன் உராஷிமா. 720இல் தொகுக்கப்பட்ட ‘நிஹோன் ஷோகி’ என்னும் வரலாற்று நூல், யூரியாக்கு மன்னனின் 22ஆம் ஆட்சியாண்டில், மரபுக் கணக்கில் 478இல், தாம்பா நாட்டைச் சேர்ந்த உராஷிமா மீன்பிடிக்கப் போய் ஓர் ஆமையைப் பிடித்ததாகவும், அது பெண்ணாக மாற, அவளோடு கடலுக்குள் சென்றதாகவும் சுருக்கமாகக் குறிக்கிறது. அரசர்களின் போர்களுக்கும் நியமனங்களுக்கும் நடுவே இந்தச் செய்தியும் ஒரு செய்தி. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாங்கோ நாட்டுக் குறிப்பு கதையை விரிக்கிறது. உராஷிமா அங்கே மூன்றாண்டுகள் இன்பமாக இருக்கிறான். பிறகு பெற்றோர் நினைவு வந்து ஊர் திரும்புகிறான். ஊரில் முந்நூறு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. திறக்கக்கூடாது என்று சொல்லி அவள் கொடுத்தனுப்பிய பேழையைத் திறந்துவிடுகிறான். அதோடு எல்லாம் முடிகிறது.

நம் பாகவதத்தில் ககுத்மி மன்னன் மகள் ரேவதியோடு பிரம்மலோகம் சென்று, அங்கே ஒரு பாட்டு முடியும்வரை காத்திருந்ததற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிடுகின்றன. ககுத்மி அதற்காக உடைந்துபோவதில்லை. மகளுக்குப் பலராமன் மணமகனாகக் கிடைக்கிறான், கதை மங்களமாகப் போகிறது. உராஷிமாவுக்கு அந்த ஆறுதல் கிடையாது. பெற்றோரைப் பார்க்கத்தான் அவன் வந்தான். அவர்கள் எப்போது இறந்தார்கள் என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை.

இக்கதையின் முடிவை ஜப்பானியர்கள் நூற்றாண்டு தோறும் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தார்கள். ‘மன்யோஷு’ பாடல் தொகையில் இடம்பெறும் தகஹாஷி நோ முஷிமாரோவின் பாட்டில் பேழையிலிருந்து வெண்மேகம் எழுந்து போக, அவன் ஓடி, புரண்டு, கணத்தில் முதுமையுற்று இறக்கிறான். பாடிய புலவர் இறுதியில் அவனை அறிவிலி என்கிறார். இடைக்காலக் கதைநூல்களில் முந்நூறு எழுநூறாகிறது, உராஷிமா கொக்காக மாறிப் பறக்கிறான். மெய்ஜி காலத்தில் பள்ளிப் பாடநூலில் ஏறி, ஆமையைச் சிறுவர்களிடமிருந்து காப்பாற்றிய நல்ல பையனானான். இவ்வரிசையில் மிகத் துணிச்சலான திருப்பம் ஒசாமு தசாயுடையது. 1945இல் டோக்கியோவின்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த மாதங்களில், பழைய கதைகளைத் திரும்பச் சொல்லும் ஒரு நூலை அவர் எழுதினார். போர் முடிந்த சில வாரங்களில் அது வெளிவந்தது. அதில் பேழையைத் திறந்து முந்நூறு ஆண்டு முதுமையை ஒரே கணத்தில் அடைந்தது தண்டனையல்ல, கொடை என்கிறார் தசாய். ஆண்டுகள் கழிவதும் மறப்பதும் மனிதனை மீட்பவை என்பது அவர் கட்சி. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அறிவிலி என்று பெயர்பெற்றவனை, எரியும் நகரத்தில் இருந்துகொண்டு ஒருவர் பாக்கியவான் என்று அழைக்கிறார். ஆனால் இவர்களில் எவரும் உராஷிமாவுக்கு அந்த முந்நூறு ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்க முயலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உராஷிமா இரங்குவது தன்னையறியாமல் கழிந்துபோன காலத்துக்கு. தன் கையால் செய்துவிட்ட ஒன்றுக்கு இரங்குபவன் வேறு. அவனைத் தேட ‘நோஹ்’ நாடகத்துக்குப் போகவேண்டும்.

1184ஆம் ஆண்டு, இன்றைய கோபே நகரின் சுமா கடற்கரையையொட்டிய இச்சி-நோ-தானி என்னுமிடத்தில் மினமோட்டோ குலமும் தாய்ரா குலமும் மோதின. தாய்ராக்கள் தோற்று, கடலில் நின்ற படகுகளை நோக்கி ஓடினார்கள். மினமோட்டோ தரப்பு வீரன் குமகாய் நவோசானே, குதிரையோடு கடலில் இறங்கிவிட்ட ஒரு வீரனைக் கூவி அழைத்தான். அவன் ஓடாமல் திரும்பி வந்தான். குமகாய் அவனைக் கீழே தள்ளித் தலைக்கவசத்தை நீக்கினால், உள்ளே பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை முகம். தன் மகன் வயது. அன்று காலையில்தான் அந்த மகன் போரில் காயம்பட்டிருந்தான். விட்டுவிட நினைத்தபோது பின்னால் தன் தரப்புக் குதிரைகள் வருகின்றன. தான் விட்டாலும் அவர்கள் விடப்போவதில்லை. அழுதுகொண்டே தலையைக் கொய்தான். பிள்ளையின் இடையில் ஒரு புல்லாங்குழல் இருந்தது. அன்று விடியலில் எதிரி முகாமிலிருந்து காற்றில் வந்த இசை அவனுடையது என்று அப்போதுதான் தெரிந்தது. கொல்லப்பட்டவன் தாய்ரா நோ அட்சுமோரி. குமகாய் பின்னாளில் துறவு பூண்டு, ஹோனென் என்னும் பௌத்த ஆசானின் சீடனாகி, ரென்ஷோ என்று பெயர் பெற்றான். இது ‘ஹெய்கே’ காவியம் சொல்லும் கதை.

வரலாறு வேறுவிதமாகவும் பேசுகிறது. காமாகுரா அரசின் வரலாற்று நூலான ‘அசுமா காகாமி’, குமகாய் 1192இல் ஒரு நில வழக்கில் தலைவர் யோரிதோமோவின் முன்னிலையில் சரியாக வாதாட முடியாமல் சினந்து, ஆவணங்களை வீசியெறிந்து, அங்கேயே தன் குடுமியை அறுத்துக்கொண்டு வெளியேறினான் என்கிறது. வரப்புத் தகராறுதான் அவனைத் துறவியாக்கியது என்று இதைப் படித்தபின் சொல்லிவிடலாம். முதுகலை வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த படி. ஒரு மனிதன் துறவியானதற்கு நிலவழக்கு ஒரு காரணமாகப் பதிவாகியிருந்தும், தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் கடற்கரையில் நிகழ்ந்த கொலையைத்தான் காரணமாக ஏற்றுக்கொண்டார்கள். கொன்றவன் இரங்கியாக வேண்டும் என்று அந்தச் சமூகத்துக்கு ஒரு தேவை இருந்திருக்கிறது.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஸெயாமி (சுமார் 1363–1443) இதை நாடகமாக்கினார். அவருடைய ‘அட்சுமோரி’யில் ரென்ஷோ துறவி, தான் கொன்றவனின் ஆன்மா அமைதியடையப் பிரார்த்திக்க இச்சி-நோ-தானிக்கு நடந்து வருகிறார். வயலில் புல்லறுப்பவர்களின் குழலோசை கேட்கிறது. அவர்களில் ஒருவன் மட்டும் போகாமல் நின்று, தனக்காகப் புத்தர் பெயரை ஓதும்படி கேட்டு மறைகிறான். இரவில் அட்சுமோரி தன் உருவில், போர்க்கோலத்தில் வருகிறான். தன் குலம் வீழ்ந்ததையும், கடைசி இரவில் ஆடிப் பாடியதையும், படகைத் தவறவிட்டுக் கரைக்குத் திரும்பியதையும், வெட்டுண்டதையும், வெட்டியவனின் முன்னாலேயே சொல்லி, ஆடி, வாளை ஓங்குகிறான். ஓங்கிய வாள் இறங்குவதில்லை. எதிரே இருப்பவர் இனி எதிரியல்லர் என்று கண்டு, பிரார்த்தனையை வேண்டிப் போய்விடுகிறான்.

இவ்வகை நாடகங்களைப் பிற்கால ஆய்வாளர்கள் ‘முகென் நோஹ்’, அதாவது கனவுத்தோற்ற நோஹ், என்று வகைப்படுத்தினார்கள். ஒரு வழிப்போக்கர் ஓரிடத்துக்கு வருகிறார். அந்த இடத்தோடு பிணைக்கப்பட்ட ஆவி தோன்றுகிறது. கடந்தது மீண்டும் நிகழ்கிறது. விடியலுக்குள் எல்லாம் கலைகிறது. வழிப்போக்கராக வரும் ‘வாகி’ நடிகர் மேடையின் ஒரு தூணருகே அமர்ந்தார் என்றால் பெரும்பாலும் இறுதிவரை அங்கேயே இருப்பார். அவருக்கென்று அந்த இடம் விதிக்கப்பட்டிருக்கிறது. இப்போது கவாகுச்சியின் கடையைத் திரும்பப் பாருங்கள். நகரக்கூடாத இருக்கை, ஓர் இடத்தோடு பிணைந்த ஆவி, விடியலுக்குப் பதில் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு கோப்பை. கவாகுச்சி அடிப்படையில் நாடகக்காரர். இந்நாவல் முதலில் மேடை நாடகமாக எழுதப்பட்டு, டோக்கியோவின் சுகினாமி நாடக விழாவில் பெரும்பரிசு பெற்றது. ஒரே ஒரு அரங்க அமைப்புக்குள் காலப்பயணத்தை நிகழ்த்தவேண்டிய சிறு நாடகக்குழுவின் நெருக்கடி, எழாதே, வெளியே போகாதே என்ற விதிகளைத் தந்திருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அவர் ஸெயாமியை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் வாதிடவில்லை. வெறும் மேடையில் காலத்தைக் கடக்கும் கலையை அறுநூறு ஆண்டுகளாகப் பழகிய ஒரு மொழியில் ஒருவர் நாடகம் எழுதும்போது, அந்தத் தடத்தில் கால் தானே விழும்.

ஏன் காபிக் கடை என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

நாவலின்படி இக்கடை 1874இல் தொடங்கியது. பெயர் ‘ஃபுனிகுலி ஃபுனிகுலா’. வரலாற்றாசிரியர்களுக்கு இதில் இரண்டு சிக்கல்கள். வெசுவியஸ் மலையின் இழுவை ரயிலுக்காக அந்த நேப்பிள்ஸ் பாட்டு இயற்றப்பட்டதே 1880இல்தான். ஜப்பானின் முதல் முழுமையான காபிக் கடையாகப் பொதுவாகக் கருதப்படும் ‘காஹி-சாகான்’ டோக்கியோவின் உயேனோ பகுதியில் திறக்கப்பட்டது 1888 ஏப்ரல் 13 அன்று. காலப்பயணக் கதையில் ஆண்டுக்கணக்கு கேட்பது தகாது என்று விட்டுவிடலாம். ஆனால் காஹி-சாகானைத் திறந்தவரின் வாழ்க்கை இந்நாவலில் வந்திருக்கவேண்டிய ஒன்று. தெய் எய்கெய் நாகசாகியின் சீன மொழிபெயர்ப்பாளர் குடும்பத்தோடு தொடர்புடையவர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கப்போய்ப் பட்டம் பெறாமல் திரும்பியவர். ஆடம்பரமான மேலைப்பாணி விருந்து மண்டபங்கள் உயர்குடியினருக்கென்று கட்டப்பட்ட காலத்தில், சாதாரண மக்களும் மாணவர்களும் வந்து அறிவைப் பகிர்ந்துகொள்ள ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். செய்தித்தாள்கள், நூல்கள், பில்லியர்ட்ஸ் மேசை எல்லாம் வைத்தார். காபி ஒன்றரை சென், பால் விட்டால் இரண்டு சென். சில ஆண்டுகளிலேயே கடை நொடித்தது. அவர் மீண்டும் அமெரிக்கா சென்று, 1895இல் சியாட்டிலில், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்தார்.

அவர் தோற்ற இடத்தில் 1911இல் மற்றொருவர் வென்றார். ரியோ மிசுனோ என்பவர் 1908இல் ‘காசாதோ மாரு’ கப்பலில் 781 ஜப்பானியர்களைப் பிரேசிலின் காபித் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்ற முகவர். அதற்குக் கைம்மாறாக சாவோ பாவ்லோ மாநிலம் காபிக்கொட்டையை இலவசமாக வழங்க, அவர் கின்சாவில் ‘கஃபே பாவ்லிஸ்தா’வைத் தொடங்கி ஐந்து சென்னுக்குக் காபி கொடுத்தார். அந்தக் கோப்பைக்குப் பின்னால் தோட்டங்களில் உழன்ற புலம்பெயர்ந்தோரின் உழைப்பு இருந்தது என்பதைக் குடித்த எழுத்தாளர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

1920களில் ‘கஃபே’ என்ற சொல் மதுவும் பணிப்பெண்களும் கொண்ட கேளிக்கை இடங்களைக் குறிக்கத் தொடங்கியது. காபி மட்டும் தருபவை தம்மைப் பிரித்துக்காட்டத் ‘தூய’ என்ற அடைமொழி சேர்த்து ‘ஜுன்கிஸ்ஸா’ என்றழைத்துக்கொண்டன. கிஸ்ஸாதென் என்பதற்கு நேர்ப்பொருள் தேநீர் அருந்தும் கடை, குடிப்பதென்னவோ காபி. போர்க்காலத்தில் காபி இறக்குமதி நின்று, சோயாவையும் கருவாலிக் கொட்டையையும் வறுத்து மாற்றுக் காபி போட்டார்கள். 1950இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஷிபுயாவில் 1926 முதல் இருந்து, 1945 வான்தாக்குதலில் எரிந்து, 1950இல் மீண்டும் எழுந்த ‘லயன்’ என்னும் இசைக் காபியகத்தில் இருக்கைகள் யாவும் ஒலிபெருக்கியைப் பார்த்தே போடப்பட்டிருக்கின்றன, உரக்கப் பேசக்கூடாது. வீட்டில் இசைத்தட்டு வாங்க வசதியற்ற தலைமுறை ஒரு கோப்பை காபியின் விலையில் மணிக்கணக்கில் அமர்ந்து பேத்தோவனைக் கேட்ட இடம் அது. கோப்பையின் விலை என்பது உண்மையில் நாற்காலியின் வாடகை. குறுகிய வீடுகள் கொண்ட நகரத்தில் ஒருவர் தனியாக, யாருடைய கேள்வியுமின்றி, சற்று நேரம் உட்காரக் கிடைத்த இடம் இதுதான். கடந்த காலத்துக்குப் போவதற்கு முன்பே மனிதர்கள் அங்கே அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

1981இல் ஜப்பானில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கிஸ்ஸாதென்கள் இருந்தன. அதுவே உச்சம். நின்றுகொண்டே குடிக்கும் மலிவுக் கடைகளை 1980இல் ‘தோதோர்’ தொடங்கியது. 1996இல் ஸ்டார்பக்ஸ் கின்சாவுக்கு வந்தது. 2016இல் எண்ணிக்கை சுமார் 67,000 ஆகிவிட்டது. கவாகுச்சி நாவலை வெளியிட்டபோது அவருடைய கடையின் மங்கிய விளக்கும் மூன்று கடிகாரங்களும், அங்கிருந்து யாரும் எங்கும் போகாமலேயே, கடந்த காலமாகியிருந்தன.

இடையில் வந்த நவீனக் கதைகளை விரைவாகவே தொட்டுச் செல்கிறேன். யசுதாகா சுட்சுயியின் ‘காலத்தைத் தாவிய சிறுமி’ 1965–66இல் பள்ளி மாணவர் இதழ்களில் தொடராக வந்தது. அதில் சிறுமிக்கு நேர்ந்ததெல்லாம் அவள் நினைவிலிருந்து அழிக்கப்பட்டு, லாவண்டர் மணத்தோடு ஒட்டிய ஓர் ஏக்கம் மட்டும் எஞ்சுகிறது. இதற்கு நேரெதிர் ‘டோரேமான்’. நோபிதாவின் எதிர்கால வழித்தோன்றல் குடும்பத்தின் வறுமையை மாற்றுவதற்கென்றே அந்தப் பூனை இயந்திரனை இறந்த காலத்துக்கு அனுப்புகிறான். ஆகவே ஜப்பானிய மனம் விதியை ஏற்பது, மேலை மனம் விதியை எதிர்ப்பது என்ற மலிவான சூத்திரம் செல்லாது. தாய்ச்சி யமாதாவின் 1987 நாவலில் (ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’, 2023இல் இங்கிலாந்தில் இதைத் தழுவிப் படம் வந்தது) நடுவயதுத் தொலைக்காட்சி எழுத்தாளர் ஒருவர் அசாகுசாவில் தன் பன்னிரண்டு வயதில் இறந்துபோன பெற்றோரைச் சந்திக்கிறார். அவர்கள் இப்போது அவரைவிட இளையவர்கள். ஒவ்வொரு சந்திப்பும் அவர் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது. சுகியாகி கடையில் இறுதி உணவு முடியும் முன்பே அவர்கள் மங்கி மறைகிறார்கள். கவாகுச்சியின் கோப்பைக்கு மிக அருகில் இருப்பது இந்தச் சட்டிதான் என்று நினைக்கிறேன். ஆனால் யமாதாவிடம் ஆபத்து உண்மையானது.

இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். கவாகுச்சியின் நான்கு கதைகளில் ஃபுமிகோ, அமெரிக்கா போய்விட்ட காதலனிடம் சொல்லத் தவறியதைச் சொல்லப்போகிறாள். செவிலி கோதாகே, தன்னை மறந்துவிட்ட கணவன் ஃபுசாகி நோய் முற்றுமுன் எழுதிவைத்த கடிதத்தைப் பெறப்போகிறாள். நலிந்த இதயம் கொண்ட கேய், தான் வளர்க்கப்போகாத மகளைப் பார்க்க எதிர்காலத்துக்குப் போகிறாள். மூன்றிலும் யாரும் யாருக்கும் பெரிய தீங்கு செய்யவில்லை. இங்கே கழிவிரக்கம் என்பது சொல்லாமல் விட்ட சொல்லுக்கான வருத்தம் மட்டுமே. மூன்றாவதாக வரும் ஹிராயின் கதையில்தான் செயல் இருக்கிறது. செண்டாய்ப் பக்கம் குடும்பம் நடத்திய விடுதியை ஏற்க மறுத்து ஓடிவந்தவள் அவள். தேடிவரும் தங்கை குமியைப் பார்க்க விரும்பாமல் கடையின் மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். திரும்பும் வழியில் குமி விபத்தில் இறக்கிறாள். நாவலில் கழிவிரக்கம் உண்மையாகவே எரியும் இடம் இதுதான். அதை ஆசிரியர் எப்படி அணைக்கிறார்? பின்னோக்கிப் போன ஹிராயிடம், அக்காவோடு சேர்ந்து விடுதியை நடத்துவதே தன் கனவு என்கிறாள் குமி. ஹிராய் ஊர் திரும்பி விடுதியை ஏற்றுக்கொள்கிறாள். சுதந்திரமாக வாழ நினைத்த ஒரு பெண்ணின் நியாயம் தங்கையின் புன்னகையில் ஓசையின்றிக் கரைந்துவிடுகிறது. நிகழ்காலம் மாறாது, உன் மனம்தான் மாறவேண்டும் என்ற விதி, நீ அடங்கிப் போ என்பதாகவும் ஒலிக்கக்கூடும் என்று நாவல் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஸெயாமியோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்குகிறது. நோஹ் மேடையில் உயிரோடிருப்பவர் வருவது இறந்தவரை ஆற்றுவதற்கு. கொல்லப்பட்டவன் தன் மரணத்தைத் தன் வாயால் முழுமையாகச் சொல்கிறான். கொன்றவர் அதைக் கேட்டே ஆகவேண்டும். அதற்குப் பிறகுதான் வாள் தாழ்கிறது. கவாகுச்சியின் கடையில் இது தலைகீழாகிறது. இறந்தவர்களும் மறந்தவர்களும் உயிரோடிருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புகிறார்கள். குமி தன்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்று நாம் அறிவதில்லை. அக்காளுக்குத் தேவையானதை அவள் சொல்கிறாள், அவ்வளவே. இதில் உச்சம் அந்த வெள்ளுடைப் பெண். பழைய நாடகத்தில் மேடையின் நடுவில் நின்று தன் கதையைச் சொல்லியிருக்கவேண்டியவள் அவள்தான். இறந்துபோன கணவனைப் பார்க்கப்போய்த் திரும்பாதவள் என்ற ஒற்றை வரி மட்டுமே முதல் நாவலில் அவளுக்குக் கிடைக்கிறது. வருபவர்களுக்கெல்லாம் அவளுடைய நாற்காலி வேண்டியிருக்கிறது. அவளுக்காக ஒருவரும் பிரார்த்திப்பதில்லை. 2017இல் வந்த இரண்டாம் நூலில், அவள் யார், அன்று அவளுக்குக் காபி ஊற்றியவர் யார் என்ற கேள்வியை ஆசிரியர் எடுத்துக்கொண்டார். கோப்பையை நிரப்பிய கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அங்கேதான் பேசப்படுகிறது. இந்தக் குறையை அவரும் உணர்ந்திருப்பார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கவாகுச்சியை முற்றாகத் தள்ளிவிடவும் எனக்கு இயலவில்லை. இவாத்தே மாகாணத்தின் ஒத்சுச்சி ஊரில், எங்கும் இணைக்கப்படாத தொலைபேசி ஒன்று தோட்டத்துக் கூண்டில் இருக்கிறது. 2010இல் ஒருவர் இறந்த தன் உறவினரோடு பேசுவதற்கென்று வைத்தது அது. 2011 ஆழிப்பேரலையில் அவ்வூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபின், நாடெங்கிலுமிருந்து மக்கள் அங்கே வந்து வாங்கியை எடுத்துப் பேசுகிறார்கள். அவர்கள் யாரையும் கொன்றவர்கள் அல்லர். அன்று காலை சரியாக விடைபெறாமல் வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்குச் சொல்லாமல் விட்ட சொல்லே மலையளவு கனக்கும். ஃபுசாகியின் கடிதத்தைக் கோதாகே பிரிக்கும் பக்கங்கள் அப்படிப்பட்டவர்களுக்காக எழுதப்பட்டவை என்று கொண்டால், அந்தத் தட்டையான நடைகூடப் பொறுத்துக்கொள்ளத் தக்கதாகிறது.

குமகாய்க்கு அந்தத் தொலைபேசி உதவாது. கியோத்தோவின் குரோதானியில் கொன்காய் கோம்யோ-ஜி என்னும் கோயில் இருக்கிறது. அவர் ஹோனெனின் சீடராக வந்து சேர்ந்த இடத்தோடு தொடர்புடையது. அங்கே குமகாய்க்கும் அட்சுமோரிக்கும் ஐந்தடுக்குக் கல் நினைவுத்தூண்கள் எழுப்பியிருக்கிறார்கள். அவற்றை ஒன்றையொன்று பார்க்கும்படி, எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள்.